நடக்கக் கூடாத தரை

புதுப்பொருளை வாங்கிவிட்டு அதைத் தொடப் பயப்படும் ஓர் இனம் உண்டு. நம் பத்திரம் சார் அந்த இனத்தின் திலகம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதற்கெடுத்தாலும் "பத்திரம், பத்திரம்" என்று அலறுவதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் இது. மழை வந்தால் புதுக்குடை நனைந்துவிடும் என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தொப்பலாக வந்து நிற்பார். நம்ப முடியவில்லையா? அவர் கூடத்துக்குத் தரை போட்ட கதையைக் கேளுங்கள்.

அவருடைய ஒரு வயது மகள், குட்டி, சுவரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள். கூடத்துத் தரையோ அங்கங்கே பெயர்ந்து கிடந்தது.

"ஏங்க, குட்டி நடக்கறதுக்குள்ள நல்ல தரையா போட்டுடுங்க" என்றாள் மனைவி.

கடை கடையாக ஏறி இறங்கி, வினைல் டைலை வளைத்து, நகத்தால் கீறி, செருப்புக் காலால் தேய்த்து, "யானை நடந்தாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று கடைக்காரர் வாயால் கேட்ட பிறகுதான் வாங்கினார். டைல் ஒட்டுபவர் வந்து பழைய தரையைச் சமப்படுத்தி, நூல் பிடித்துக் கோடு போட்டு, பசை தடவி ஒட்டி, உருளையால் அழுத்தினார். போகும்போது, "பசை காயணும். இன்னிக்கு ஒருநாள் யாரும் நடக்க வேணாம்" என்றார்.

அந்த ஒருநாள் முடியவே இல்லை.

தரைமேல் செய்தித்தாள் விரித்தார். அதன் மை ஒட்டிக்கொண்டால்? அடியில் ஒரு போர்வை. போர்வை அழுக்கானால்? எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய். வீட்டார் சுவரோரமாகப் பல்லி போல நகர்ந்தார்கள். விருந்தாளிகளை வாசலிலேயே நிறுத்தி, தார்ப்பாயின் நுனியைத் தூக்கிக் காட்டுவார்.

"யானை நடந்தாலும் ஒண்ணும் ஆகாது!"

"அப்ப நான் நடக்கலாமா?"

"வேணாமே."

குட்டியைக் கூடத்தில் இறக்கக் கூடாது. அவள் கால் கீழே தாழ்ந்தாலே, "பத்திரம்!" என்று ஓர் அலறல். இடுப்பிலேயே சுமந்துபோய்ச் சமையலறையின் சொரசொரத் தரையில்தான் விடவேண்டும்.

"அவ நடக்கத்தானேங்க இந்தத் தரையே போட்டோம்?"

"முதல்ல நல்லா நடக்கப் பழகட்டும். அப்புறம் விடலாம்."

ஒரு காலை, எல்லா விரிப்பையும் சுருட்டி வைத்துவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல்:

"ஏங்க, ஓடி வாங்க! குட்டி நடக்கறா!"

துள்ளி எழுந்தார். எதிரே துடைத்த தரை. கீழே தன் ஈரக்கால். ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு வழக்கம்போலச் சுவரோரமாகவே நகர்ந்தார். போய்ச் சேர்ந்தபோது குட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பதாங்க உக்காந்தா" என்றாள் மனைவி. அவள் கண்ணில் இன்னும் சந்தோஷம் இருந்தது. மகளுடைய முதல் அடியை அவர் பார்க்கவில்லை. இனி எந்தக் கடையில் போய் அதை வாங்குவது?

குட்டியை வாரித் தூக்கிக்கொண்டு கூடத்தின் நட்டநடுவே, ஈரக்காலோடு, நடந்தே போனார். குனிந்து அவளை இறக்கினார். "நட கண்ணு! எங்க வேணா நட!"

குட்டி இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு அவர் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"பத்தம்!" என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அட்டை மடங்கிவிடுமே என்று இந்தப் புதுப் புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து, இடுக்கில் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருப்பது யார்?