நடுக் கறுப்பில் ஐந்து

“மான் நிக்குது. நான் சுடுறான். மான் போறான்,” என்றார் கில்மர் துரை. உறையிலிருந்து எடுத்த துப்பாக்கியைக் கவுன்ரர் கண்ணாடி அதிரும்படி போட்டார்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய துரை அவர். தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர். ஆகையால் எந்தத் தமிழரோடும் இங்கிலீஷில் பேசுவதில்லை என்று வைத்திருந்தார்.

“எவ்வளவு தூரத்துலங்க, தொரை?” என்று கேட்டார் கவுன்ரருக்குப் பின்னால் நின்ற வலன்ரைன்.

“முப்பது அடி.”

“குறி பாத்துப் பழகுற திடல்ல எப்படிச் சுடுது?”

“திடல்லே எல்லாம் நடுக் கறுப்பு. காட்டுலே மான் நம்மளைப் பாத்துச் சிரிக்குது.” சட்டைப் பையிலிருந்து போன மாதத்துக் குறித்தாளை எடுத்து எறிந்தார். ஐந்து ஓட்டைகள், நாலு நடுவில் இருந்த கறுப்பு வட்டத்துக்குள், ஒன்று வெளியே.

வலன்ரைன் காதில் செருகியிருந்த உருண்டைப் பென்சிலை எடுத்து ஓர் ஓட்டைக்குள் விட்டார். இறுக்கமாகப் போய் நின்றது. முகம் மலர்ந்தது.

“பாருங்க தொரை. ஒரு மயிரிழை பிசகில்ல. சுத்திவரச் சாம்பல் நிறத்துல ஒரு வளையம் தெரியுதா? அது தோட்டா போட்ட கையெழுத்து. த்ரீ நொட் த்ரீயத் தவிர வேற எதுவும் இப்படி ஓட்டை போடாது.”

கண்டியிலிருந்த அந்த வெள்ளைக்காரக் கடையின் துப்பாக்கிப் பகுதியில் வலன்ரைன் இருபத்திரண்டு வருஷமாக விற்பனையாளர். த்ரீ நொட் த்ரீ தோட்டாவைப் பற்றி அவர் பேசாத ஆள் ஊரில் இல்லை. முடிவெட்டுகிறவரிடம் அதன் குண்டு நூற்றெழுபத்துநாலு கிறெயின் எடை என்பார். பால்காரரிடம் அது விநாடிக்கு இரண்டாயிரத்து நானூற்று நாற்பது அடி போகும் என்பார். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில், தோட்டாவுக்குள் மருந்து தூளாக இராது, இடியப்பம் மாதிரி இழை இழையாக இருக்கும் என்று சாமியாருக்கு விளக்கிவிட்டு, பாவத்தைச் சொல்ல மறந்து எழுந்து வந்துவிட்டார். அதைச் சுடும் லீ-என்பீல்ட் துப்பாக்கியை அவர் எண்ணெய் போட்டுத் துடைக்கிற பக்குவத்தைப் பார்த்தால் கைக்குழந்தைக்காரிகளும் வெட்கப்படுவார்கள்.

“தோட்டாவுல பிழையே வராதுங்க, தொரை,” என்றார்.

“அப்போ பிழை எனக்கு?”

வலன்ரைன் அவசரமாகத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். “சேச்சே. துவக்குக் குழல்ல இருக்கலாம்.”

உள்ளறைக் கதவு திறந்தது. மேனேஜர் துரை வெளியே வந்தார். “குழலிலா? போன வருஷம் நீ பார்த்து, நல்லதென்று சொல்லி, நான் விற்ற குழலிலா?”

“இல்ல சேர். குழலும் நல்ல குழல்தான்.”

“தோட்டா நல்லது. குழல் நல்லது. மிஸ்டர் கில்மரும் நல்லவர். பிறகு?”

வலன்ரைன் சற்று யோசித்தார். “மான்தான் சேர்,” என்றார்.

கடையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. அது தேயிலை விலை விழுந்த வருஷம். பீங்கான் பகுதியை மூடி, அதிலிருந்தவரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

மேனேஜர் துரை நிதானமாகச் சொன்னார்: “சனிக்கிழமை காலை துப்பாக்கிக் கழகத்தின் திடலுக்குப் போ. இதே துப்பாக்கி, நீ புகழ்கிற அதே தோட்டா. நீயே சுட்டுக் காட்டு. மிஸ்டர் கில்மரின் நண்பர்கள் ஐந்து பேர் துப்பாக்கி வாங்குவதாக இருக்கிறார்கள். வாங்கினால் உன் பகுதி நிற்கும். இல்லாவிட்டால் அதுவும் பீங்கான் போன வழியில் போகும்.”

“சரி, சேர்,” என்று சொல்லிவிட்டார் வலன்ரைன்.

சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. முதல் வருஷம் யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் வருஷம் சொல்லக் கூச்சமாக இருந்தது. இருபத்திரண்டாம் வருஷம் சொல்ல முடியாது.

“சீனவெடி சத்தத்துக்கே கட்டிலுக்குக் கீழ போற மனுசன் நீங்க,” என்றாள் அன்றிரவு மனைவி கிறேஸ். “அந்தோனியார் திருநாளுக்கு ஒங்களக் காணோம்னு கோயில் பூரா தேடினேனே, மறந்து போச்சா?”

“அது வேற. இது த்ரீ நொட் த்ரீ.”

“அது வெடிக்காம, பாட்டா படிக்கும்?”

ஆனாலும் புருஷனைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை. உலக்கையை எடுத்துக் கொடுத்து, தோளில் பொருத்திக்கொண்டு நிற்கச் சொன்னாள். பின்னால் போய் நின்று பித்தளைத் தவலையில் அகப்பையால் ஓங்கி ஒரு போடு போட்டாள். உலக்கை வலன்ரைனின் கால் பெருவிரலில் விழுந்தது.

மறுநாள் நொண்டிக்கொண்டே மேனேஜர் துரையிடம் போனார். கால் நொண்டுவது சுடத் தடையாகாது என்று அவருக்கே தெரிந்திருந்ததால், வழியில் வேறொரு காரணம் யோசித்து வைத்திருந்தார்.

“சேர், கொஞ்ச நாளா வலது கண் மங்கலா இருக்கு.”

மேனேஜர் துரை பேனாவைக் கீழே வைத்தார். “அந்தக் கண்ணால்தானே குழலுக்குள் பார்த்து, சுத்தம், கீறல் இல்லை என்று சொல்லி விற்கிறாய்? எத்தனை நாளாக மங்கல்? அத்தனை பேருக்கும் நான் கடிதம் போடவேண்டாமா?”

“இப்பப் பரவாயில்ல, சேர்.”

“எப்போதிலிருந்து?”

“இப்ப நீங்க கேட்டதிலிருந்து, சேர்.”

“சனிக்கிழமை நானும் வருகிறேன்,” என்றார் மேனேஜர் துரை. அதுவரை அவர் வருவதாக இருக்கவில்லை.

மிஞ்சியிருந்தது ஹாஷிம் நானா மட்டும். கடையின் பின்கட்டில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர். தெல்தெனியக் காட்டில் பன்றி சுட்டு விரட்டிய அனுபவம் உள்ளவர். விஷயத்தைக் கேட்டதும் அரத்தைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“சிரிக்காதீங்க நானா. என் சோறு போகப் போகுது.”

“சரி, சரி. லேசான வழி ஒண்டு ஈக்குது. அஞ்சு தோட்டாவையும் தாங்க. மூக்கைக் கழட்டி, பாதி மருந்தை எடுத்துட்டு மூடித் தாறேன். சத்தமும் பாதி, உதையும் பாதி.”

வலன்ரைன் ஓரடி பின்வாங்கினார். “அந்தத் தோட்டாவத் தொறக்கிறதா? நானா, நீங்க என்ன பேச்சுப் பேசுறீங்க?”

“அப்ப சோறு போகட்டும்.”

“போகட்டும். தோட்டாவத் தொடாதீங்க.”

ஹாஷிம் நானா அரத்தைப் பொறுக்கி மேசையில் வைத்தார். பிறகு பஞ்சுப் பெட்டியைத் திறந்து இரண்டு பெரிய உருண்டைகளைத் திரட்டிக் கொடுத்தார். “இந்தாங்க. காதுக்குள்ள நல்லா அடைச்சுக்கொங்க. இடி விழுந்தாலும் கேக்கப்படாது.”

திடல் கடுகண்ணாவைக்குப் போகிற வழியில் ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. இருநூறு கஜ தூரத்தில் ஒரு மண் மேடு. அதன் கீழே ஆளுயரக் குழி. குறித்தாள் ஒட்டிய சட்டம் மேலே நிற்கும். சுட்டதும் குழிக்குள் இருக்கும் ஆள் சட்டத்தைக் கீழே இறக்கிப் பார்த்து, மறுபடி ஏற்றி, கம்பு நுனியில் உள்ள வெள்ளைத் தட்டால் குண்டு பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுவான். குறி தவறினால் சிவப்புக் கொடி ஆட்டுவான்.

துரைமார் முதலில் ஆளுக்கு ஐந்து தோட்டா சுட்டார்கள். கில்மர் துரைக்கு நடுக் கறுப்பில் நாலு. நண்பர்களுக்கும் ஆளுக்கு நாலு. அந்தக் கழகத்தில் நாலுக்குக் குறைந்து எந்தத் துரைக்கும் விழுந்ததில்லை. ஐந்து விழுந்தவரும் இல்லை.

வலன்ரைன் பஞ்சை அடைத்துக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தார். உலகம் ஓசையற்றுப் போயிற்று. அந்தோனியாரை நினைத்தார். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

தோளில் மாடு முட்டியது போலிருந்தது. தொப்பி பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது, தூரத்தில் சட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்தார். சட்டம் ஏறியது. வெள்ளைத் தட்டு மெல்ல எழுந்து, நடுக் கறுப்பைத் தொட்டு நின்றது.

வலன்ரைன் நம்பவில்லை. இரண்டாவதையும் கண்ணை மூடித்தான் சுட்டார். நடுக் கறுப்பு. மூன்றாவது, நடுக் கறுப்பு.

அப்போது அவர் நெஞ்சுக்குள் ஏதோ நிறைந்து வழிந்தது. சுடுகிறவன் கண்ணை மூடினால் என்ன, திறந்தால் என்ன? தோட்டாவுக்கு அதன் வழி தெரியும். இத்தனை வருஷமும் தாம் சொன்னது பொய்யில்லை. நாலாவதைச் சுட்டார். நடுக் கறுப்பு. அவருக்குப் பின்னால் மேனேஜர் துரை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்; பிறகு கத்திக்கொண்டிருந்தார். பஞ்சு நல்ல பஞ்சு. வலன்ரைன் ஐந்தாவதையும் சுட்டார்.

தட்டு எழுந்தது. நடுக் கறுப்பைத் தொட்டது.

வலன்ரைன் எழுந்து, பஞ்சைப் பிடுங்கிவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பினார். பஞ்சு அடைத்திருந்தபோது இருந்த அதே நிசப்தம்தான் இப்போதும் இருந்தது.

“அப்போ பிழை எனக்குத்தான்,” என்றார் கில்மர் துரை.

“இல்லீங்க தொரை, அப்படி...”

கில்மர் துரை அவரைப் பார்த்து முதல்முறையாக இங்கிலீஷில், “குட்மோர்னிங்,” என்று விடைபெற்றார். துப்பாக்கியைப் புல்லிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினார். நண்பர்கள் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக அவர் பின்னால் போனார்கள். யாரும் எதுவும் வாங்குவதாகச் சொல்லவில்லை.

“மூன்று தடவை ‘போதும்’ என்று சொன்னேன்,” என்றார் மேனேஜர் துரை. அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் வலன்ரைனைப் பயமுறுத்தியது. “வாடிக்கைக்காரரிடம் அவர் துப்பாக்கி நல்லது என்று காட்டலாம். கடைச் சிப்பந்தி அவரைவிட நல்லவன் என்று அவர் நண்பர்கள் முன்னால் காட்டக்கூடாது. திங்கட்கிழமை வந்து அலுமாரிச் சாவிகளைக் கொடுத்துவிட்டுப் போ.”

கார்கள் போன புழுதி அடங்கும்வரை வலன்ரைன் அங்கேயே நின்றார். நாற்பத்தெட்டு வயது. துப்பாக்கி விற்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவருக்குக் கண்டியில் வேறு கடை கிடையாது. கிறேஸிடம் என்னவென்று சொல்வது? குறி தவறி வேலை போனால் பாவப்படுவாள். ஐந்தும் பட்டு வேலை போனதை எப்படிச் சொல்வது?

அந்தக் குறித்தாளையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. நொண்டிக்கொண்டே இருநூறு கஜமும் நடந்தார்.

குழிக்குள் வீரய்யா துண்டை உதறிக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் குழியில் வேலை செய்கிறவன். சுவரோரம் சிவப்புக் கொடி சாத்தியிருந்தது. இத்தனை காலத்தில் மடிப்புக்கூடக் கலையாமல், புதுத் துணியாக இருந்தது. அதைப் பார்த்ததும் வலன்ரைனுக்கு, அந்த நிலைமையிலும், தோட்டாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

“வாங்கய்யா, வாங்க,” என்று வீரய்யா தாளைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினான். “கடைசியாச் சுடப்போறது நீங்கன்னு காலைலயே சொன்னாங்க. இங்க வந்து சுட்ட மொதத் தமிழாளு நீங்கதான். தொரைமாரு மொகம் எப்படி இருந்திச்சு?”

வலன்ரைன் தாளை வாங்கிக்கொண்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து முதல் ஓட்டைக்குள் விட்டார். இறுக்கமாகப் போய் நின்றது. இரண்டாவது, மூன்றாவது. சாம்பல் வளையம்கூடத் தெளிவாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

“வேலை போயிருச்சு வீரய்யா. போகட்டும். இத யாரும் எங்கிட்ட இருந்து எடுக்க முடியாது. பாரு, ஒரு மயிரிழை பிசகில்ல.”

வீரய்யா தாளைப் பார்க்கவில்லை. பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஐயா, அந்தப் பென்சில எனக்குக் குடுத்திட்டுப் போறீங்களா? குண்டெல்லாம் எந்நாளும் மலைக்குத்தானே போவுது, தொரைமாரு தாள்ல ஓட்டை குத்திக் குத்தியே என்னோட பென்சிலு கட்டையாப் போச்சு. அவங்களுக்கு நாலுதான் குத்துவேன், ஒங்களுக்கு நம்ம ஆளாச்சேன்னு அஞ்சாவதையும் நடுவுலயே குத்திட்டேன்.”