வேவு பார்க்கப் போனவன் எடுத்த காவடி

ஒருவர் தமக்கு லாபமே இல்லாத நல்ல காரியம் ஒன்றைச் செய்ய வந்தால் எனக்கு உள்ளூர உதறும். பிறவிக் குணம். காய்கறிக்காரம்மா கொசுறாக நாலு பச்சை மிளகாய் போட்டால்கூட, எடையில் எங்கே கைவைத்தார் என்று வீடு வரும்வரை யோசிப்பேன். இந்தக் குணத்தால் எனக்கு ஒரு நன்மையும் விளைந்ததில்லை. ஒரே ஒரு நஷ்டம் விளைந்தது. அதைத் திருத்தணியே நின்று வேடிக்கை பார்த்தது.

எழுபதுகளின் நடுவில் நான் தறி நெய்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் மகள் மங்காவை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துதான் தறியில் இறங்குவேன். அப்போதுதான் பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வந்தார். வந்ததும் பெற்றோரையெல்லாம் கூட்டி, இனிமேல் பிள்ளைகள் தெருவாரியாகச் சேர்ந்து, வரிசையாக நடந்தே வர வேண்டும் என்றார். நெசவாளர் தெருப் பிள்ளைகளுக்கு டிரில் மாஸ்டர் துணை வருவாராம். நடந்தால் உடம்பு தேறும், வகுப்பில் தூக்கம் வராது, சாலையைக் கடக்கப் பழகுவார்கள், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள் என்று அடுக்கினார். கூட்டம் மொத்தமும் தலையாட்டியது.

நான் எழுந்தேன். "இதுல ஸ்கூலுக்கு இன்னா சார் லாபம்?"

"ஒரு லாபமும் இல்லீங்க. பிள்ளைங்களுக்குத்தான் லாபம்."

அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், இதில் ஏதோ இருக்கிறது என்று.

என் அக்கா வீட்டுக்காரர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், பக்கத்துத் தறியில் இருந்தார். எரிகிற அடுப்பில் சுள்ளி செருகுவதில் மன்னர். "நடக்கறது நல்லதுன்னு நமக்குத் தெரியாதா? அத்த சொல்றதுக்கு ஒரு மீட்டிங்கா? உள்ள இன்னாவோ கீதுடா" என்றார். செருப்புக் கடைக்காரரோடு கூட்டு என்று ஒரு நாள் கண்டுபிடித்தோம். பிள்ளைகளை வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் இறைக்க விடுகிறார்கள் என்று மறுநாள் கண்டுபிடித்தோம். வழியில் நிறுத்தி ஊசி போடுகிறார்கள் என்பது பாவாவின் சொந்தச் சரக்கு. (மங்காவின் இரண்டு கையையும் நான் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கொசுக்கடிதான் இருந்தது.)

இவ்வளவுக்கும் அடியில் இருந்த உண்மையை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. கேரியர் காலியாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஓயாமல் பேசிக்கொண்டு வரும் அந்தக் குரல் இல்லாமல் என் காலை நேரம் வெறிச்சென்று போயிற்று. குழந்தையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் மங்கா, நான் எழுப்புவதற்கு முன்பே எழுந்து ஜடை பின்னிக்கொண்டு வாசலில் நின்றாள். அது இன்னும் எரிந்தது.

ஒரு நாள் தெருமுனைத் தையல்காரர், பிள்ளைகளின் வரிசை தினமும் புளியமரத்துச் சந்துக்குள் போய் வெகு நேரம் கழித்துத்தான் வெளியே வருகிறது என்றார்.

"சந்துல இன்னாம்மா பண்றீங்க?" என்று மங்காவைக் கேட்டேன்.

"அத்த சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லிகீறாரு நைனா."

"நாளையிலிருந்து நீ நடக்கத் தேவையில்ல. சைக்கிள்தான்!"

மங்கா அன்றிரவு சோறு தொடவில்லை. என் மனைவி சரோஜா இரண்டு பேரையும் பார்த்தாள். "சும்மா சந்தேகப்பட்டுகினு இருக்காதீங்க. கண்ணால பாத்துட்டு வாங்க. தப்பா இருந்தா நானே நிறுத்தறேன். இல்லன்னா கொழந்த நடக்கட்டும், நீங்க வாயத் திறக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். ஆனால் எப்படிப் பின்தொடர்வது? தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் என்னைத் தெரியும். ஆடிக் கிருத்திகை சமயம் அது. கிருத்திகைக்கு முன்னால் அசுவினி அன்றே ஆந்திரப் பக்கத்துக் காவடிகள் ஊருக்குள் வரத் தொடங்கிவிடும். மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, முகம் நிறைய விபூதி பூசி, மௌன விரதக்காரர்கள் கட்டுவது போல வாயில் மஞ்சள் துணியையும் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்ன மூளை என்று மெச்சிக்கொண்டேன்.

வரிசைக்குப் பின்னால் தூரமாக நடந்தேன். மங்கா ஒரு வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு, கேரியரில் பேசியதைவிடப் பத்து மடங்கு பேசிக்கொண்டு போனாள். லாரி வந்தபோது எல்லோரையும் ஓரமாக நிறுத்தியவளும் அவளேதான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சந்தேகம் கூடியது. வரிசை புளியமரத்துச் சந்துக்குள் திரும்பியது. நானும் திரும்பக் காலெடுத்தேன்.

பின்னால் பம்பைச் சத்தம். சித்தூர்ப் பக்கத்துக் காவடிக் கூட்டம் ஒன்று வந்தது. காவடி சுமந்து வந்தவர்களில் ஒருவருக்குக் கால் கொப்புளித்து ஓரடி வைக்க முடியவில்லை. காவடியைத் தரையில் இறக்கவும் கூடாது. கூட்டத் தலைவர், பெரிய மீசைக்காரர், சுற்றிலும் பார்த்தார். மஞ்சள் வேட்டி, வாய்க்கட்டு, காலியான தோள். சாமியே ஆள் அனுப்பியதாக முடிவு செய்துவிட்டார். "தீஸ்கோ சாமி, தீஸ்கோ!" என்று, எடுத்துக்கொள்ளும்படி தெலுங்கில் சொல்லிக்கொண்டே காவடியை என் தோளில் ஏற்றிவிட்டார்.

தோளில் ஏறிய காவடி மலை சேரும்வரை இறங்காது என்பது திருத்தணியில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். வாயைத் திறக்க முடியாமல், வேண்டாம் வேண்டாம் என்று தலையைப் பலமாக ஆட்டினேன். "சாமி வச்சிந்தி!" என்று கூட்டம் கத்தியது. எனக்கு அருள் வந்துவிட்டதாம். கற்பூரம் ஏற்றினார்கள். தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார்கள். விபூதியெல்லாம் கரைந்து ஓடியது. ஆட்ட ஆட்டப் பம்பை வேகமெடுத்தது.

சத்தம் கேட்டு சந்துக்குள்ளிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே டிரில் மாஸ்டர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நொண்டி வந்து, என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், அது எங்க நைனா!" என்றாள் மங்கா.

"ச்சே, சும்மா இரும்மா. சாமி வந்துகீது."

"இல்ல சார், நைனாதான்! நைனா, எங்க போற?"

எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்தால்தானே! கூட்டம் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் மீசைக்காரர் காவடியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். தப்பித்தோம் என்று வாய்க்கட்டில் கைவைப்பதற்குள் இரண்டு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தலையைக் குனிய வைத்தார்கள். ஈரத் துணியின் முடிச்சு இறுகிக் கிடந்தது. அது அவிழ்ந்தபோது ஒரு பக்கம் மழித்து முடிந்திருந்தது. அந்தக் கோலத்தில் நான் எந்த நியாயத்தைப் பேச? "இன்னொரு பக்கமும் அடிச்சிடுங்க" என்றேன்.

காவடியைச் செலுத்திவிட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் வந்த மங்கா என் தலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ரகசியத்தை உடைத்தாள்.

"சாருக்கு முட்டி வலி நைனா. சந்துல கொஞ்ச நேரம் உக்காருவாரு. நாங்க வாய்ப்பாடு சொல்லிகினு இருப்போம். ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சா வேற சாரைப் போட்டுடுவாரு. எங்களுக்கு இந்த சார்தான் வேணும்."

அவ்வளவுதான். என் மகளை ஊசியிலிருந்தும் செருப்புக் கடைக்காரரிடமிருந்தும் காப்பாற்றப் போன எனக்குக் கிடைத்தது ஒரு வாத்தியாரின் முழங்கால்.

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசியில் நானும் நடந்தேன். டிரில் மாஸ்டர் கேரியரில் உட்கார முதலில் கூச்சப்பட்டார், பிறகு பழகிவிட்டார். மங்கா பக்கத்திலேயே நடந்து பேசிக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க முடிந்தது. முதுகுக்குப் பின்னால் கேட்டதைவிட அது நன்றாகவே இருந்தது. எடுத்த காவடியை மூன்று வருஷம் எடுக்க வேண்டும் என்று மீசைக்காரர் சொல்லிவிட்டுப் போனதால், மூன்று ஆடிக்கும் மொட்டை.

போன மாதம் பேத்தியின் பள்ளியிலும் பிள்ளைகளை நடந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், "இதுல அவங்களுக்கு இன்னா லாபம்?" என்று மட்டும்தான் கேட்டேன். மங்கா உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழம்பு ஊற்றினாள்.