பட்டுத்துணிக்குள் மூன்று நிமிடம்

மன்னார்புரம் நவநீதனுக்குக் கிடைத்த டோக்கன் நம்பர் நூற்று நாற்பத்தேழு. விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டு வாசலில் தொடங்கிய வரிசை கொள்ளிடக் கரை வரை போயிருந்தது. இன்னும் பத்துப் பேர் வந்திருந்தால் கடைசி ஆள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுதான் காத்திருக்க வேண்டும்.

தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் மாதிரி, எல்லார் இடுப்பிலும் ஒரு கம்ப்யூட்டர். ஜீயபுரத்து ஆசாமி ஒருவர் சூடு தணியட்டும் என்று தன்னுடையதை வாழை இலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இன்னொருவர் யு.எஸ்.பி. துளைக்குள் விபூதி அடைத்திருந்தார். திருஷ்டி உள்ளே போகாதாம். உண்மைதான், வேறு எதுவும்கூட இனி உள்ளே போகாது.

அத்தனை பேரும் பாட்டுப் பதிவு ஸ்டூடியோ நடத்துகிறவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே வியாதி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பழைய ப்ளக்-இன் அதில் திறக்க மாட்டேன் என்றது. ப்ளக்-இன் என்பது பாட்டு மென்பொருளுக்குள் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் குட்டி மென்பொருள். ஒன்று எதிரொலி சேர்க்கும், ஒன்று இரைச்சலைக் குறைக்கும். நவநீதனுடையது சுருதியைத் திருத்தும்.

அவன் திருத்த வேண்டியது சாமானியமான சுருதி அல்ல. ஸ்டூடியோ இருக்கும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ரெங்கராஜின் சுருதி. அவர் பத்து பக்திப் பாடல்கள் பாடியிருந்தார். அதாவது, மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தார்; மீதியை ப்ளக்-இன் பார்த்துக்கொண்டது. தன் குரலே பிறவியில் அப்படித்தான் என்று அவர் மனமார நம்பினார். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. அதற்குள் ப்ளக்-இன் திறக்காவிட்டால் ரெங்கராஜின் அசல் குரலை ஊர் கேட்கும். ஊர் கேட்ட மறுநாள் நவநீதன் ஸ்டூடியோவைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

அதனால்தான் பூவரச சித்தரிடம் வந்தான்.

சித்தர் ஆறு வருஷத்துக்கு முன்னால் துறையூரில் கடைகளுக்கு கேமரா மாட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்தார். எழுந்திருக்கும்போது சித்தராக எழுந்தார். அவர் கண்டுபிடித்த தத்துவம் இது: பழைய கம்ப்யூட்டர் ஓர் உடல். ப்ளக்-இன் அதன் ஆத்மா. உடலுக்குக் காரியம் செய்யாமல் வேறு உடல் வாங்கினால் ஆத்மா குடியேறாது. ஆகவே புதுக் கம்ப்யூட்டருக்குக் கண் திறப்பு. அன்று மாலையே பழையதைக் காவிரியில் கரைப்பு. அம்மா மண்டபம் படித்துறையில் இப்போதெல்லாம் மீனுக்குப் பொரி போட்டால் ஹார்டு டிஸ்க்தான் மேலே வருகிறது என்று பேச்சு.

நவநீதன் பழைய கம்ப்யூட்டரையும் வெள்ளைத் துண்டில் கட்டிக் கொண்டு வந்திருந்தான். அது பாதிப் பாட்டில் மூச்சடைத்து நின்றுவிடும் பெட்டிதான். ஆனால் பத்துப் பாட்டின் மூலப் பதிவும் அதில்தான் இருந்தது. சோதித்துப் பார்க்க ஒரே ஒரு பாட்டை மட்டும் புதியதில் ஏற்றியிருந்தான்.

"மீதி ஒம்பதுக்கு வேற காப்பி இருக்கா?" என்றாள் உமாமகேஸ்வரி. அவன் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் சீட்டில் எழுத மாட்டாள்.

"இல்ல. இருந்தா ஆத்மா ரெண்டாப் பிரிஞ்சுடுமாம்."

"அப்ப பழசை ஆத்துல போட்டுட்டு, புதுசுல ப்ளக்-இன் மறுபடி நின்னு போச்சுன்னா?"

"திரும்ப சித்தர்கிட்டதான் வரணும்."

"நல்லா யோசிச்சுத்தான் வெச்சிருக்காரு" என்றாள். பிறகு, "ஏங்க, உள்ள போறதுக்கு முன்னாடி அந்தப் புதுசைக் குடுங்க. துடைச்சுத் தரேன்" என்று வாங்கி, இரண்டு நிமிஷம் எதையோ தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

முன்னால் நின்ற துறையூர் நல்லுசாமி திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறையாக வருகிறவர். "தம்பி, சந்தேகத்தோட வராதீங்க. எனக்குப் போன மாசம் திறந்துச்சு. பாட்டு மென்பொருளைப் புதுசா மாத்தினேன், திரும்பப் படுத்துக்கிச்சு. ஏன் தெரியுமா? அன்னிக்கு நான் முட்டை சாப்பிட்டேன்."

"முட்டையா, மென்பொருளா?" என்றாள் உமா.

"முட்டைதாம்மா. சித்தரே சொன்னாரு."

மதியம் முறை வந்தது. ஹாலில் நூறு பேர். சுவரில் சித்தரின் அற்புதங்களை ஓட்டிக்கொண்டிருக்கும் பெரிய டிவி. சித்தர் நவநீதனின் கம்ப்யூட்டரை மடியில் வைத்து, தலையோடு சேர்த்து மஞ்சள் பட்டுத்துணியால் மூடிக்கொண்டார். சிஷ்யர் ஸ்பீக்கரில் மந்திரத்தை ஜன்னல் கண்ணாடி அதிர ஓடவிட்டார். மூன்று நிமிடம். துணி விலகியது. சித்தர் வியர்த்திருந்தார்.

ப்ளக்-இன் திறந்தது! ரெங்கராஜின் குரல் தேனாக வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நவநீதன் அழுதேவிட்டான்.

"அழுது முடிச்சதும் அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கிய உமா, ஒரு வயரை எடுத்துச் சுவர் டிவியில் செருகினாள். "சுவாமி, உங்க அற்புதத்தைத் திரையோட சேர்த்துப் பதிவு பண்ணியிருக்கேன். மைக்கும் திறந்துதான் இருந்துச்சு. எல்லாரும் தரிசனம் பண்ணட்டும்."

சித்தர் எழுந்தார். அதற்குள் டிவியில் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

சுட்டி அங்கும் இங்கும் அலைந்தது. பாட்டு மென்பொருளின் படத்தை அமுக்கி, அதன் விவரப் பக்கத்தைத் திறந்தது. மந்திரத்துக்கு நடுவே சித்தரின் அருள்வாக்கு கேட்டது: "சனியனே, இந்த மாடல்ல எங்க வெச்சிருக்கான்... ஆங், இந்தா." 'பழைய சிப்பில் ஓடுவது போலத் திற' என்று ஒரு சின்னக் கட்டம். புதுக் கம்ப்யூட்டரின் சிப் வேறு; பழைய ப்ளக்-இன்னுக்குத் தெரிந்தது பழைய சிப்தான். அதில் ஒரு டிக். மொத்தம் முப்பது வினாடி. மிச்சமிருந்த இரண்டரை நிமிடமும் சித்தர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். வியர்த்ததற்கும் காரணம் விளங்கியது. இரண்டு விக்கெட் போயிருந்தது.

ஹாலில் இருந்த நூறு தலைகளும் டிவியிலிருந்து சித்தர் பக்கம் திரும்பின.

"அது சூட்சுமம்!" என்றார் சித்தர். "டிக் எவனும் போடலாம். மந்திர பலம் இல்லாட்டி அது வேலை செய்யாது!"

"ரொம்ப நியாயம். எங்க லேப்லயும் அப்படித்தான். எது வேலை செஞ்சுதுன்னு தெரியணும்னா ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்" என்ற உமா, எல்லார் கண்ணெதிரிலும் டிக்கை எடுத்தாள். ப்ளக்-இன் செத்தது. ரெங்கராஜின் அசல் குரல் வெளிப்பட்டது. வரிசையில் யாருடைய குழந்தையோ வீறிட்டது. "இப்ப நீங்க கையைக் கட்டிக்கிட்டு மந்திரம் மட்டும் சொல்லுங்க."

சித்தர் சொன்னார். சிஷ்யர் சொன்னார். பயத்தில் கூட்டமும் சேர்ந்து சொன்னது. ஒவ்வொரு தடவையும் உமா மென்பொருளை மூடித் திறந்தாள். ப்ளக்-இன் அசையவில்லை.

பிறகு அவள் டிக்கைப் போட்டுவிட்டு, கண்களை மூடி, பஸ் கண்டக்டர் குரலில் உரக்கச் சொன்னாள்: "சத்திரம், சத்திரம், மெயின்கார்டு கேட், பாலக்கரை, ஜங்ஷன்! உள்ள போ, உள்ள போ!"

ப்ளக்-இன் உள்ளே போனது. தேன் வழிந்தது.

முதலில் ஜீயபுரத்துக்காரர் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. பிறகு, காவிரியில் கரைத்தவர்களுக்கு நினைவு வந்தது. அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சித்தரைத் தேடினார்கள். அவர் பின்பக்கப் படிக்கட்டு வழியாகச் சூட்சுமமாகியிருந்தார். சிஷ்யர்தான் ஸ்தூலமாகப் பிடிபட்டார்.

நவநீதனின் போன் அடித்தது. ரெங்கராஜ்.

"என்னப்பா, என் குரல் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க" என்றான் நவநீதன். பிறகு, மனசாட்சி உறுத்தியதால், "ரெண்டும் வந்துச்சுங்க. நல்லதை அனுப்பறேன்" என்றான்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த உமாவை நல்லுசாமி வழிமறித்தார். கையில் நோட்டு, பேனா. கண்ணில் புதிய பக்தி. "அம்மா, நீங்க பெரிய ஆளு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்த டிக்கைப் போட எந்தக் கிழமை நல்லது? ராகு காலத்துல போடலாமா?"

உமா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"டிக் எப்ப வேணா போடுங்க. அதுக்கு முன்னாடி 'ஏன்?'னு ஒரு வார்த்தை கேட்டுப் பழகுங்க ஐயா. அதுக்கு ராகு காலம், எமகண்டம் எதுவும் கிடையாது. முட்டை சாப்பிட்டுட்டும் கேக்கலாம்."