அடுப்பில் வைத்த மேளம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மூன்று வேளையும் என் சமையலை நானே சாப்பிடுவதால், அப்படி எழுதக் கை வரவில்லை. அங்கு தாங்கள் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் மனைவி கையால் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன குறை?

அவள் திடீரென்று பெட்டியோடு வந்து நின்றதற்குக் காரணம் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் சும்மா இருக்கக் கூடாதா? மண் மேளம் கற்றுக்கொள்ளப் போனாள். போனவள் ஒரு மேளத்தையே சுமந்துகொண்டு வந்தாள். அப்போது அதற்குத் தோல் கட்டியிருக்கவில்லை. மேலே அகலமான வாய், கீழே ஓட்டை, சுட்ட மண். மச்சான், நீங்களே சொல்லுங்கள், அதைப் பூந்தொட்டி என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பது? அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அதில் ஒரு ரோஜாச் செடியை நட்டு, தண்ணீரும் ஊற்றி வாசலில் வைத்தேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மண்ணுல மண்ணைத்தானே போட்டிருக்கீங்க, விடுங்க" என்று கழுவி எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்கும்.

தோல் கட்டி வந்த பிறகு தினமும் மத்தியானம் அதை மடியில் வைத்துக்கொண்டு தும் தும் என்று ஆரம்பித்துவிடுவாள். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்ன சார், வீட்டுல ஏதாவது இடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் ஷேவ் செய்யும்போதுகூடப் பக்கத்தில் நின்று மேளத்தின் சரித்திரம் சொல்வாள். "மரத்தைக் குடையணும்னா உளி வேணும். மண்ணுக்குக் கை போதும். அதான் எத்தனையோ தேசத்துல ரொம்பப் பழைய புதைகுழியில எல்லாம் மண் மேளம் கிடைச்சிருக்கு" என்பாள். "செத்தவனையும் தூங்க விடலையா?" என்று கேட்டுக் கன்னத்தை வெட்டிக்கொண்டேன். இதற்கு ஒரு மரமும் வெட்ட வேண்டாமாம், உடைந்தாலும் குப்பை இல்லையாம், பொடித்து அடுத்த மேளத்துக்கான மண்ணில் சேர்த்துவிடலாமாம். இதையெல்லாம் பேசி, வாசித்தும் காட்டச் சொல்லி நூலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அவள் பெயர் போட்டு நோட்டீஸ்கூட ஒட்டினார்கள். இத்தனை வருஷம் அடுத்தவர் நாடியையே பிடித்தவள், முதல் தடவையாக ஒரு மேடையில் உட்காரப் போகிறாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்றைக்குப் பார்த்து மழை. ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். தட்டினால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வரும். அவள் எப்போதும் மேஜை விளக்குப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகச் சூடு காட்டுவாள். அன்றும் அப்படி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நேரமாகிறதே என்று எனக்குத்தான் கை பரபரத்தது. அடுப்பைப் பற்றவைத்து, தீயைக் குறைத்து, மேளத்தை அதன்மேல் கவிழ்த்தேன். எடுத்துத் தட்டினால் விண்ணென்று பேசியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வைத்தால் இன்னும் நன்றாகப் பேசுமே என்று திரும்ப வைத்தேன். படாரென்று தோல் கிழிந்து, மண் பல துண்டாகப் பிளந்தது.

தலையில் துண்டோடு ஓடிவந்தவள் திட்டவில்லை. அழவில்லை. நூலகத்துக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். பெட்டியை எடுத்தாள். "அண்ணனைப் பாத்துட்டு வரேங்க" என்றாள். வாசல்வரை போனவள், திரும்பி வந்து என் பிரஷர் மாத்திரையை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போனாள் மச்சான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மண்தானே, ஊறினால் கரையும் என்று உடைந்த துண்டுகளை வாளித் தண்ணீரில் போட்டேன். தினமும் எழுந்தவுடன் கையை விட்டுத் துழாவுவதே வேலையாகிவிட்டது. கரையவே இல்லை. அவளுக்கு அந்த மேளத்தைச் செய்து கொடுத்த அம்மாவிடம் வாளியோடு போய் நின்றேன். "சுட்ட மண்ணு கரையும்னா, ஓட்டு வீட்டுக்காரங்க எல்லாம் மழைக்கு எங்க சார் போவாங்க?" என்று சிரித்தாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது.

மத்தியானத்தில் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அந்தத் தும் தும் இல்லாமல் எனக்குக் கண் அசருவதில்லை. மாடி வீட்டுக்காரரே வந்து, "அம்மா எப்ப சார் வருவாங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார். தப்பு என்மேல்தான். எனக்கு அவள் வேண்டும் மச்சான். இந்தக் கடிதம் கண்டவுடன் நல்ல வார்த்தை சொல்லி அவளைப் பஸ் ஏற்றிவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. அவளுக்கு எதைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே பார்த்து ஏதாவது சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அடுப்பைப் பார்த்தாலே நடுங்கும் தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அவளுக்கு வாசித்துக் காட்டலாம், இதை வேண்டாம். அவளை இப்போது அனுப்பாதீர்கள். அந்தத் துண்டுகளைப் பொடித்துப் புது மண்ணில் பிசைந்து, அந்த அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே நானே ஒரு மேளம் செய்திருக்கிறேன். ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. இன்னும் காயவில்லை, அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடுமாம். அது காய்ந்து, சூளைக்குப் போய், தோல் கட்டி முடிகிறவரை உங்களுக்கு முதுகுவலி, முழங்கால்வலி என்று எதையாவது சொல்லி அவளை நிறுத்திவையுங்கள். நோயாளியை விட்டுவிட்டு வரமாட்டாள். ஆனால் "வீட்டுக்குப் போறேண்ணா" என்று அவளாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஒரு நிமிஷம்கூடப் பிடித்துவைக்காதீர்கள். மேளம் ஈரமாகவே இருக்கட்டும்.