ஆள்காட்டியின் வாயை அடைத்த நரி

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் அங்குள்ள கரடி சண்டைக்கு வரும் என்பதால் வெறுமனே ஒரு காட்டில், மரகதம் என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தது. யாரைக் கண்டாலும் கத்திக் காட்டிக்கொடுப்பது அதன் பிறவிக் குணம். போதாக்குறைக்கு அப்போது வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை இட்டிருந்தது. கூடு இல்லை, மறைப்பு இல்லை. முட்டைகளுக்கு இருந்த ஒரே காவல் அதன் தொண்டைதான். ஆகவே பாம்புக்கும் கத்தியது, காய்ந்த சருகு உருண்டாலும் கத்தியது.

காட்டுத் தலைவர் கரடி பொன்னுரங்கத்துக்கு மதியத் தூக்கம் பாழாயிற்று.

"அந்தச் சனியன் வாயை யாராவது அடைங்கப்பா!"

குழந்தைசாமி நரி முன்னால் வந்து நின்றது. பட்டணத்தில் ஒரு பங்களா மதிலுக்குப் பின்னால் பதுங்கி, வீட்டு நாய்க்கு பிஸ்கட் போட்டுப் பழக்குவதை ஒரு வாரம் வேடிக்கை பார்த்திருந்தது. படிப்பு அவ்வளவுதான். ஆனால் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"தலைவரே, இது நடத்தைக் கோளாறு. வாயை மூடினா புழு, கத்தினா தண்டனை. மத்ததுங்க அதைப் பார்த்தே திருந்திடும்."

"பயிற்சி முடிஞ்சப்புறம் ஒரு கத்தல் கேட்டாலும் உன் தோலை உரிச்சு விரிச்சுப் படுத்துக்குவேன். சம்மதமா?"

நரிக்கு நினைப்பெல்லாம் முட்டையில். சட்டென்று தலையாட்டிவிட்டது.

பயிற்சி தொடங்கியது. மரகதம் அலகைத் திறந்ததும், சத்தம் வருமுன் நரி ஒரு புழுவை உள்ளே போட்டு விசில் ஊதும். மீறிக் கத்தினால் வெயில் பாறையில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அதைப் பார்த்த மைனா பேச்சை நிறுத்தியது. தவளைகள் மழைக்குக்கூட வாய் திறக்கவில்லை. காட்டுச்சேவல் பொழுது விடிந்ததைக் கண்ஜாடையில் தெரிவித்தது. மரகதத்துக்கு அவமானமாக இருந்தது. புழு ருசியாக இருந்தது இன்னும் பெரிய அவமானம்.

"பயிற்சி முடிந்தது" என்று கரடி அறிவித்துவிட்டுத் தூங்கப் போனது.

அன்று சாயங்காலமே நரி வந்தது. கையில் புழு இல்லை. கண் முட்டைகள் மேல் இருந்தது. மரகதம் பதறிப்போய் அலகை அகலத் திறந்தது.

நரிக்குத் தன் தோல் ஞாபகம் வந்தது. பாய்ந்து பிடிக்கலாம் என்றால், குருவி பறந்துபோய் ஊரைக் கூட்டிவிடும்.

"ஏம்மா, இரு, இரு! அவசரப்படாதே!"

குனிந்து மண்ணைத் தோண்டி ஒரு புழுவை எடுத்து ஊட்டியது. மரகதம் விழுங்கியது. நரி முட்டைப் பக்கம் ஓரடி வைத்தது. அலகு திறந்தது. நரி மறுபடி தோண்டியது. அப்போதுதான் மரகதத்துக்கு விளங்கியது: கத்தவே வேண்டாம், வாயைத் திறந்தாலே இந்த ஆள் குனிகிறான்.

மறுநாளிலிருந்து நரி தலை தெரிந்தாலே அலகு திறந்தது. வராமல் இருக்கலாம் என்றால், தான் இல்லாத நேரத்தில் இது கத்தித் தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம். நரி நாள் தவறாமல் வந்தது.

முட்டைகள் பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் பிறந்த அன்றே தாமாக இரை தேடும். இவை தேடவில்லை. அம்மாவைப் பார்த்தன, நரியைப் பார்த்தன, நாலும் வரிசையாக வாயைத் திறந்தன.

ஒருநாள் கரடி நன்றாகத் தூங்கி எழுந்து அந்தப் பக்கம் வந்தது. நகம் தேய்ந்து, விலா எலும்பு தெரிய, நரி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது.

"பரவாயில்லையே குழந்தைசாமி, குருவியை நல்லாப் பழக்கிட்டே!"

நரி பதில் சொல்ல நிமிர்ந்தது. ஐந்து அலகுகள் திறந்தன. நரி குனிந்தது.

நீதி: பிள்ளை வளர்க்க ஆள் கிடைக்கவில்லையா? முட்டை திருட வருபவனுக்குப் பயிற்சியாளர் பதவி கொடுங்கள்.