இருபத்தெட்டுப் பேர், மாப்பிள்ளை வீடு

நான் ஒரு கல்யாணத்தைக் கெடுத்திருக்கிறேன். பெண் யாரென்று தெரியாது, மாப்பிள்ளை யாரென்றும் தெரியாது. பகையும் கிடையாது. என் கையில் இருந்ததெல்லாம் பதினோரு பக்கப் பாடத்திட்டம் ஒன்றுதான்.

திருப்பதியில் ஒரு சின்னப் பள்ளியில் ஆசிரியை நான். என் கணவருக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் திருவள்ளூரிலிருந்து இங்கே வந்தோம். அந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு நான்தான் சமூக அறிவியல். என் மகள் யாழினியும் அதே வகுப்பில் இருந்தாள். (வீட்டிலும் நான், பள்ளியிலும் நான். பாவம், குழந்தைக்கு ஓய்வே இல்லை.)

வரலாறு என்றால் செத்துப்போனவர்களின் பட்டியல் என்று என் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதை மாற்ற ஒரே வழி, பக்கத்தில் இருக்கும் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போவது என்று தோன்றியது. பள்ளி நடத்தும் மேடத்திடம் போய் நின்றேன்.

"சரே டீச்சர். மொதல்ல சின்னதா ஒரு டிரிப் போயிட்டு வாங்க. அது பாகா, நல்லபடியா நடந்துச்சுன்னா கோட்டைக்கு அனுப்புறேன். ஏதாவது கலாட்டா ஆச்சுன்னா, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

வகுப்பில் வந்து சொன்னதுதான் தாமதம், இருபத்தெட்டுப் பேரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோட்டை வரைய ஆரம்பித்துவிட்டார்கள்.

சின்ன டிரிப்புக்கு நாராயணவனம் கோயிலைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை கணவரின் வண்டியில் போய் முன்கூட்டியே பார்த்தும் வந்தேன். கோயில் அமைதியாக இருந்தது. மண்டபத்தில் ஒரு நாய் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கினேன். 10.15, மண்டபத்தில் வட்டமாக உட்காருதல். 10.30, கல் சுவரில் பழைய எழுத்துகளைத் தேடுதல். 11.00, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டல். வாந்தி எடுப்பவர்களுக்கு மூன்று அளவுகளில் பைகள். யாராவது காணாமல் போனால் என்ன செய்வது என்று தனியாக ஒன்றரைப் பக்கம்.

தேதியை என் விருப்பத்துக்கே மேடம் விட்டுவிட்டார். அங்கேதான் நான் படித்த எம்.ஏ., பி.எட். எல்லாம் என்னைக் கைவிட்டன. இருபத்தெட்டுக் குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றப்போகிறோம், நாள் பார்க்காமல் எப்படி? தினசரிக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அஷ்டமி வேண்டாம், நவமி வேண்டாம், டிரைவருக்குச் சந்திராஷ்டமம் வேண்டாம். (அவருடைய நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.) கடைசியில் ஒரு பழுதும் இல்லாத ஒரே ஒரு நாள் கிடைத்தது. வளர்பிறை, சுபமுகூர்த்தம். இத்தனை பேர் துணிந்து தாலி கட்டுகிற நாளில் நம் பஸ் மட்டும் கவிழ்ந்துவிடுமா என்ன?

அந்த இத்தனை பேரும் எங்கே தாலி கட்டுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் என் பாடத்திட்டத்தின் முதல் வரியே இதுதான்: "இங்கே பெருமாளுக்கே கல்யாணம் நடந்ததால், பலர் இங்கு வந்து கல்யாணம் செய்துகொள்கிறார்கள்." என் கையெழுத்து. அடியில் சிவப்பு மையில் கோடு வேறு.

பஸ் ஊருக்குள் நுழையும்போதே மேளச் சத்தம். வழியெல்லாம் கார்கள். நாய் தூங்கிய மண்டபத்தில் ஒரு கல்யாணம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எழுத்துகளைத் தேட வேண்டிய சுவரை ஒட்டி மணமக்கள் படம் போட்ட பேனர். நான் தொண்டை கிழிய வரலாறு சொன்னேன். நாதஸ்வரம் என்னைவிடச் சத்தமாக வேறு ஏதோ சொன்னது.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்திருந்தேன். சீருடை வேண்டாம், வசதியான கலர் டிரஸ் போட்டு அனுப்புங்கள் என்று பெற்றோருக்கு எழுதியிருந்தேன். கோயில் என்றதும் அவர்கள் பட்டுப்பாவாடையும் சின்ன வேட்டியுமாக அனுப்பிவிட்டார்கள். வரிசையாக நிறுத்தி எண்ணினேன். முப்பத்தொன்று. குழந்தை குறைந்தால் என்ன செய்வது என்று எழுதியிருந்தேனே தவிர, கூடினால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

கல்யாண வீட்டுக் குழந்தைகளைப் பிரித்தெடுக்க ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் வரிசையின் முன்பாதி நகர்ந்துவிட்டது. பின்பாதியை இழுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்துப் பந்தலில் என் மூன்றாம் வகுப்பு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நிமிர்ந்தார். "மாப்ள வூட்டுப் பசங்களாம்மா?"

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. பாதிப் பேர் வடையைக் கடித்தும் விட்டார்கள். தலையை ஆட்டினேன்.

"அப்ப மீதிப் பேரையும் குந்த வையிம்மா. பசங்க மொதல்ல துன்னட்டும்."

இருபத்தெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். வீட்டில் ஒரு கரண்டிச் சோற்றுக்கு அரை மணி நேரம் எடுக்கும் என் மகள் மூன்றாவது தடவை பாயசம் கேட்டாள்.

அடுத்த பந்திக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதியிலேயே சாம்பார் தீர்ந்தது. வடை ஏற்கெனவே இல்லை. பெண்ணின் அப்பா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஈரத் துண்டோடு ஓடி வந்தார்.

"மன்னிச்சிக்கோங்க சம்பந்தி. உங்க பக்கத்துல பசங்களே முப்பது பேர் வருவாங்கன்னு தெரியாது."

"முப்பதா? எங்க வூட்ல மொத்தமே ஏழு பசங்கதான். சாப்பாடு பத்தலன்னா பத்தலன்னு சொல்லு. எங்க மேல ஏன் பழி போடுற?"

குரல்கள் உயர்ந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா, கை கழுவிவிட்டு வந்த என் மாணவன் சரணைப் பிடித்து நிறுத்தினார். "டேய் நைனா, நீ யாரு வூட்டுப் பையன்?"

பெரியவரைப் பார்த்ததும் சரணுக்குப் பாடம் நினைவு வந்துவிட்டது. கைகட்டி நின்றான். "வணக்கம் ஐயா. நாங்க மூணாங்கிளாஸ். உங்களை மூணு கேள்வி கேக்கலாமா? நீங்க சின்னப் பையனா இருந்தப்ப இந்த ஊர் எப்படி இருந்துச்சு?"

பந்தல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டு வீட்டார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். யாரோ, "இது ஒரு டீச்சரா?" என்றார்கள். பெண்ணின் அப்பா மட்டும் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பள்ளிக்கூடத்துப் பசங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே குந்த வச்சி போட்டிருப்பேனே தாயி. கூட ரெண்டு படி அரிசி போட்டிருப்பேன். தலைய ஆட்டிட்டியே" என்றார். மறுபடியும் சம்பந்தியிடம் போய்க் கைகூப்பினார். மணமேடையிலிருந்து அந்தப் பெண் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அன்று மாலையே பெற்றோர் வாட்ஸப் குழுவில் முழுச் சாப்பாட்டுப் பட்டியலும் வந்துவிட்டது. மறுநாள் மேடம் என்னைத் திட்டவில்லை. "டீச்சர், இனிமே டிரிப் வேணாம்" என்று மட்டும் சொன்னார். அந்த மாதமே சந்திரகிரியை வகுப்பறை டிவியில் காட்டினேன். ஏழு நிமிஷ வீடியோ. "மிஸ், நாம எப்போ போறோம்?" என்று சரண் கேட்டபோது கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் யாராவது, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுவிட்டால் போதும். "நாங்க மூணாங்கிளாஸுங்க" என்பார் என் கணவர். மாமியார் வீட்டில் இதைச் சொல்லாமல் ஒரு பண்டிகையும் முடிவதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன தீபாவளிக்கும் சொல்லிச் சிரித்தார்கள். யாழினி இப்போது ஏழாவது படிக்கிறாள். அவளைப் பார்த்து, "இந்த ஞாயித்துக்கிழமை சந்திரகிரிக்குப் போலாமாடி? நாம மூணு பேரும்?" என்றேன்.

"கிளாஸோட போறதுன்னுதானம்மா சொன்னே?" என்றாள்.

அந்த வகுப்பு இன்று நான்கு பள்ளிகளில் சிதறிக் கிடக்கிறது. சரண் குடும்பத்தோடு சித்தூருக்கே போய்விட்டான்.