ஒன்பது நிமிஷப் பாட்டும் ஏழாம் நம்பர் பஸ்ஸும்

பேரிகையிலிருந்து ஓசூருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் கிலோமீட்டரில் சொல்வார்கள். நாலுதட்டண்ணன் மட்டும், "அஞ்சு பாட்டு தூரம். மழை வந்தா ஆறு" என்பார். அவர் போடும் பாட்டு ஒன்று ஒன்பது நிமிஷம். தூரத்தைப் பாட்டால் அளந்த டிரைவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், எல்லை தாண்டிய கர்நாடகத்தில், ஏன், இந்தப் பூமியிலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் அவர் பஸ்ஸில் போனவர்களும் எங்களைப் போலவே லேட்டாகத்தான் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அவர் எங்கள் கம்பெனியின் ஏழாம் நம்பர் பஸ் டிரைவர். நான் அங்கே குவாலிட்டியில் இருந்தேன். வண்டி பாகங்களை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. பஸ்ஸில் முன் சீட்டுகள் பெண்களுக்கு. அதிலும் இன்ஜினை ஒட்டிய சீட்டு எனக்கு, தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். அண்ணனின் நிஜப் பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. ஆனால் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஓட்டும்போது ஸ்டியரிங்கில் ஒரு விரல் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ஒன்று. அதனால் நாலுதட்டு.

மற்ற பஸ்களில் சினிமாப் பாட்டு ஓடும், வெள்ளிக்கிழமையானால் அம்மன் பாட்டு. எங்கள் பஸ்ஸில் டீப் ஹவுஸ் என்கிற வெளிநாட்டு மிஷின் தாளப் பாட்டு. தும், தும், தும், தும். இரண்டு நிமிஷத்துக்கு அவ்வளவுதான். அப்புறம் நடுநடுவே யாரோ மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு 'ச்'. அப்புறம் எங்கோ பக்கத்துத் தெருவில் ஒருவர் பியானோவில் கையை வைத்துவிட்டு எடுக்க மறந்துவிடுவார். கடைசியில் ஒரு பெண் குரல் வந்து அரை வரி பாடும். பாடிய அரை வரியையே நாற்பது தடவை பாடும்.

"யண்ணா, பாட்டு எப்பண்ணா ஆரம்பிக்கும்?" என்று கடைசி சீட்டிலிருந்து, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் முனிராஜ் கத்துவான்.

"ஆரம்பிச்சி நாலு நிமிசம் ஆச்சிப்பா."

"ஒரு வார்த்தகூட வரலியே!"

"வரும், வரும். என்னாத்துக்கு அவசரப்படற? அந்தம்மா இப்பதான் யோசிச்சிக்கினு இருக்காங்க."

உடனே நடு சீட்டிலிருந்து தெலுங்கில் "சாலு அண்ணா" என்று ஒருவர், ஜன்னல் ஓரத்திலிருந்து கன்னடத்தில் "சாக்கு அண்ணா" என்று இன்னொருவர், மிச்சப்பேர் தமிழில் "போதும்ணா". எங்கள் வட்டாரத்தில் மூன்று மொழிக்காரர்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இந்த வியாதி அவருக்குத் தொற்றியது கெஸ்ட் கார் ஓட்டியபோது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மிஷின் பூட்ட ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். பெங்களூரிலிருந்து தினமும் அவரை அழைத்து வர வேண்டியது அண்ணன். அவருக்குத் தமிழ் வராது, இவருக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு மாசத்தில் இருவரும் பேசிக்கொண்ட ஒரே வார்த்தை 'டீ'. மிச்ச நேரமெல்லாம் டிராஃபிக்கில் நின்றபடி அவருடைய பாட்டைக் கேட்டார்கள். ஊருக்குப் போகும்போது அந்த மனிதர் நானூறு பாட்டு நிரப்பிய பென்டிரைவை அண்ணன் கையில் திணித்துவிட்டுப் போனார். "ஏர்போர்ட்டுல கட்டிப்புடிச்சி அழுதுட்டாரும்மா" என்றார் அண்ணன். "நீங்கண்ணா?" என்றேன். "நான் என்னாத்துக்கு அழுவறேன்? கண்ணு மட்டும் கலங்கிச்சி."

கேட்டால் மட்டும் போதாது, விவரமும் தெரிய வேண்டும் அவருக்கு. வழியில் பாகலூரில் ஆட்கள் ஏற பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான்தான் அவருக்கு வாத்தியார். போனை நீட்டுவார், இணையத்தில் இங்கிலீஷில் இருப்பதைப் படித்துத் தமிழில் சொல்வேன். அமெரிக்காவில் சிகாகோ என்று ஓர் ஊர். டிஸ்கோ பாட்டை வேண்டாம் என்று உலகமே தூக்கிப்போட்டபோது அங்கிருந்த கறுப்பின மக்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். தாளம் போடும் மிஷினை வைத்துக்கொண்டு, சர்ச்சில் பாடிப் பழகிய குரல்களை அதன் மேல் பாட வைத்தார்கள். அது கடல் தாண்டி லண்டன் போனது, தென்னாப்பிரிக்கா போனது, அங்கே கொஞ்சம் மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டது. இப்படி வாரக்கணக்கில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "அப்ப நம்ம கம்பெனி மாதிரிதாம்மா. மிஷினு அது பாட்டுக்கு அடிக்கும். மனுசன் அதும் பக்கத்துல நின்னு மனசுல இருக்கறத பாடிக்கினு இருப்பான்."

பாட்டு விமர்சனம் எத்தனையோ படித்திருக்கிறேன். இதற்குப் பக்கத்தில் வர ஒன்றுக்கும் யோக்கியதை இல்லை.

ஒரு தடவை புதுப் பாட்டு ஒன்றைப் போட்டார். அதன் அடித்தாளம் காதுக்குக் கேட்கவில்லை, காலுக்குத்தான் கேட்டது. பஸ் முழுக்க வண்டி பாகம் செய்கிறவர்கள், சும்மா இருப்பார்களா? கியர் லைன்காரர் "பேரிங் போச்சு" என்றார். பேரிங் லைன்காரர் "சான்ஸே இல்ல, கியர்" என்றார். அவரவர் லைனில் செய்யாத பாகம்தான் கெட்டுப்போயிருந்தது. சாயங்காலம் ஷெட்டில் மெக்கானிக் பின் சக்கரம் இரண்டையும் கழற்றினார், பேரிங்கை மாற்றினார், மறுபடி மாட்டினார். மறுநாள் காலையில் அதே தும், தும். மெக்கானிக் பஸ்ஸுக்குள் ஏறி, மண்டியிட்டு, தரையில் காதை வைத்துப் படுத்துவிட்டார். அண்ணன் அவர் முதுகைத் தட்டி, "நல்லா கேக்குதா? இன்னும் ரெண்டு நிமிசத்துல ஆர்கன் வரும், எழுந்துடாதீங்க" என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. பாட்டு முடியாமல் அவர் கதவைத் திறக்க மாட்டார். பாதியில் நிறுத்துவது பாடுகிறவர் வாயைப் பொத்துவதற்குச் சமமாம். கம்பெனி வாசல் வந்த பிறகும் பாட்டு பாக்கியிருந்தால் எதிரே இருந்த ரவுண்டானாவை இன்னொரு சுற்று சுற்றுவார். பன்னிரண்டு நிமிஷப் பாட்டு மாட்டிய நாளில் மூன்று சுற்று. செக்யூரிட்டி கேட்டில் நின்று எங்களுக்கு டாட்டா காட்டினார். மூன்று லேட் மார்க் விழுந்தால் அரை நாள் லீவு போய்விடும். அந்த மாசம் பஸ்ஸில் பாதிப்பேருக்குப் போனது. எனக்கும் போனது.

முனிராஜ் ஒரு புகார்க் கடிதம் தயார் செய்தான். நிர்வாகத்துக்குப் போவதால் இங்கிலீஷில். பஸ்ஸில் பாட்டு கூடாது, மீறினால் டிரைவரை மாற்ற வேண்டும். தாள் முன் சீட்டுக்கு வந்தது. பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். கோபத்தில்தான் போட்டேன்.

நிர்வாகம் கடிதத்தின் நகல் ஒன்றை அண்ணனிடமே கொடுத்துவிட்டது. மறுநாள் பாகலூரில் பஸ் நின்றதும் வழக்கம்போல அதை என் பக்கம் நீட்டினார். "என்னாமோ எழுதிக் குடுத்துக்கறாங்கம்மா. படிச்சி சொல்லுங்க."

வாங்கிப் பிரித்தேன். படித்தேன். "கீழே கையெழுத்துப் போட்டிருக்கும் நாற்பத்து நான்கு பேர்" என்று முடிந்தது. "பேருங்களயும் படிங்க" என்றார். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பஸ்ஸில் பெயர் வரவர ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். முனிராஜ் பெயர் வருவதற்கு முன்பே குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். அண்ணன் பெயருக்கு ஒரு தட்டாக ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே வந்தார். நான் முடித்துத் தாளை மடித்தேன்.

அவர் விரல் அப்படியே நின்றது.

"ஒரு தட்டு கொறையுதேம்மா. கடேசி நாலுல மூணுதான் வந்துச்சி."

முனிராஜின் குறட்டையும் நின்றது.

"அது நான்தான்ணா" என்றேன்.

மெதுவாக அந்த நாலாவது தட்டைத் தட்டினார். "இப்ப சரியா வந்துடுச்சி" என்றார். "நீங்களே போட்டுக்கறீங்கன்னா சத்தம் ஜாஸ்திதான் போல." பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். அன்று ஓசூர் வரை அவர் விரல் அசையவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. அரை நாள் லீவுக்கு இது ரொம்ப அதிகம்.

மறுநாளிலிருந்து பஸ் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே வாசலில் நின்றது. பாட்டு இல்லாத பஸ்ஸில் எல்லோருக்கும் எல்லாமே கேட்டது. ஒருவருடைய மாமியார் சண்டையை நாற்பத்து மூன்று பேரும் போன் ஸ்பீக்கரில் கேட்டோம். கியருக்கும் பேரிங்குக்கும் தினம் வாக்குவாதம். யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து முனிராஜ் முன் சீட்டு வரை வந்து நின்றான்.

"யக்கா, அந்தம்மா கடேசியா ஒரு இழுப்பு இழுப்பாங்களே, அதுக்கு முன்னாடி எத்தினி வாட்டி பாடுவாங்க? மிஷின்ல நிக்கறப்ப பாடிப் பாக்கறேன், கணக்கு வரமாட்டேங்குது."

அன்றே நான் தமிழில் ஒரு மனு எழுதினேன். பஸ்ஸில் பாட்டு வேண்டும். வாசல் வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும். மீதிப் பாட்டைச் சாயங்காலம் திரும்பும்போது கேட்டுக்கொள்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. தாள் கடைசி சீட்டு வரை போய்த் திரும்பியது. பாகலூரில் பஸ் நின்றதும் அதை அண்ணனிடம் கொடுத்தேன்.

தமிழ் அவருக்கு நன்றாகவே படிக்க வரும். இருந்தாலும் என்னிடமே திருப்பி நீட்டினார். "கண்ணாடி கொண்டாரல. நீங்களே படிங்கம்மா."

படித்தேன். கடைசியில் பெயர்களுக்கு வந்து, முதலில் என் பெயரைச் சொன்னேன். கை காட்டி நிறுத்தினார்.

"போதும்மா. உங்க பேரு வந்துடுச்சில்ல. மீதி யாரு இருந்தா என்னா, இல்லன்னா என்னா." பென்டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் செருகிவிட்டு வண்டியை எடுத்தார்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன், வேறு பஸ்ஸில் போகிறேன், சரியான நேரத்துக்குப் போய்ச் சேருகிறேன். அந்த மனிதரோடு ரவுண்டானாவை இன்னும் ஒரே ஒரு சுற்று சுற்றக் கிடைக்குமானால், அரை நாள் லீவை நானே எழுதிக் கொடுத்துவிடுவேன்.